துறைமுக உழைப்பும் நீரிழிவாளரின் இதயமும்: 1975ஆம் ஆண்டுச் சான்று ஒன்றின் மறுவாசிப்பு

உடலுழைப்பால் பிழைப்பவருக்குத் தனியே உடற்பயிற்சி தேவையில்லை என்னும் கருத்து நீரிழிவு ஆய்வுகளில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. வடசென்னையின் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வட்டாரத்தில் அதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். காசிமேட்டில் ஐஸ் பெட்டி இறக்குபவருக்கோ கிடங்கில் மூட்டை சுமக்கும் லோடுமேனுக்கோ சர்க்கரை நோய் என்றால் மாத்திரை எழுதப்படுகிறது, சோற்றைக் குறைக்கச் சொல்லப்படுகிறது. நடைப்பயிற்சி பற்றிய பேச்சு மட்டும் "நீங்கதான் நாள் பூரா உடம்பை வளைச்சு வேலை செய்றீங்களே" என்பதோடு நின்றுவிடுவதுண்டு. இக்கருத்துக்குப் பழைய ஆதாரங்களுள் முதன்மையானது ஒரு துறைமுக ஆய்வு. அதைத் துறைமுகப் பகுதி ஒன்றை மனத்தில் கொண்டு மீண்டும் படித்தால், அது சொல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றி வந்திருக்கிறோம் என்பது தெரியவரும் என்பதே என் வாதம்.

சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பாஃபென்பார்கரும் ஹேலும் 1975இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். வயது வேறுபாட்டைச் சரிசெய்த பின், 10,000 பணியாண்டுகளுக்கு இதயத் தமனி நோய் இறப்பு கடின உழைப்புப் பிரிவில் 26.9, நடுத்தரப் பிரிவில் 46.3, இலேசான பிரிவில் 49.0. மேற்கோள் காட்டுவோர் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் எடுத்துக்கொண்டு இடையிலுள்ளதைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அந்த நடு எண்தான் முக்கியமானது. உழைப்பின் அளவு கூடக்கூடக் காப்பும் கூடுமானால், நடுத்தரப் பிரிவின் இறப்பு விகிதம் இரண்டுக்கும் நடுவே விழுந்திருக்க வேண்டும். அது இலேசான பிரிவின் பக்கத்திலேயே நிற்கிறது. நாள் முழுவதும் மிதமாக உழைத்தவருக்கு, கணக்கெழுதி உட்கார்ந்திருந்தவரைவிடச் சொல்லத்தக்க நன்மை கிட்டவில்லை. சரிவு உச்சப் பிரிவில் மட்டுமே நிகழ்கிறது. ஆய்வாளர்களே இதைக் கவனித்து, இடைவிட்டு இடைவிட்டு எழும் பெருமுயற்சிகளே காப்பளித்திருக்கக்கூடும் என்று கருதினார்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு உழைப்பு, பின் இளைப்பாறல், மறுபடியும் உழைப்பு என்ற அந்த ஒழுங்கு இன்றைய இடைவெளிப் பயிற்சிக்கு நெருங்கிய உறவு. அந்தக் குறிப்பை உதறிவிட்டு "உழைப்பு காக்கும்" என்ற வாசகத்தை மட்டும் பின்வந்த எழுத்துகள் தூக்கிக்கொண்டன.

அந்தத் தொழிலாளர்கள் யார் என்பதும் பேசப்படுவதில்லை. வலுவான சங்கத்தின் உறுப்பினர்கள் அவர்கள். வேலை சங்கத்தின் பணியமர்த்தல் கூடத்தின் வழியே முறைவைத்துக் கிடைத்தது. 1951இலேயே அவர்களுக்குப் பெருந்திரள் உடல்நலப் பரிசோதனை நடந்தது. புதிதாகச் சேர்ந்தவர் சில ஆண்டுகள் கடினமான சரக்குவேலை பார்த்தாக வேண்டும்; அதைத் தாங்காத உடம்பு இலேசான வேலைக்கு நகர்ந்தது. ஆய்வாளர்கள் பணிமாற்றங்களைக் கணக்கில் கொண்டது உண்மை. ஆனால் நலிந்தவர் நகர்வதால் எஞ்சியவர் வலியவராகத் தெரியும் சிக்கல் அதனால் முழுதும் தீர்ந்துவிடாது. மேலும், நீரிழிவாளர் என்ன ஆனார்கள் என்ற கேள்வியை முன்வைத்து எழுந்த ஆய்வும் அல்ல அது.

இத்தவறான வாசிப்புக்கு இன்று துணைநிற்பது ஒரு கணக்கு முறை. உலக சுகாதார நிறுவனத்தின் உடலியக்க வினாப்பட்டியல், கடினமான வேலைக்கும் கடினமான விளையாட்டுக்கும் நிமிடத்துக்கு ஒரே 8 அலகு தருகிறது. வாரத்துக்கு 600 அலகு எட்டினால் போதிய இயக்கம் உள்ளவர். நாளைக்கு எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் மூட்டை தூக்குபவரின் கணக்கு 23,040 அலகு. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடக்கும் வங்கி அலுவலருக்கு, நடை மிதமான இயக்கமாகக் குறைந்த அலகே பெறுவதால், 600. லோடுமேனின் இதயம் முப்பத்தெட்டு மடங்கு பயிற்சி பெற்றது என்று எந்த மருத்துவரும் நம்பமாட்டார். அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் இதே பட்டியலைக் கொண்டு நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு (2014), ஓய்வுநேர உடலியக்கம் உள்ளவர் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டது. அந்தக் கட்டுரையில் நம் கேள்விக்கு உதவும் எண் அதுதான்.

எதிர்ச்சான்றுகள் உண்டு. 17 நாடுகளில் 1,30,000 பேரைப் பின்தொடர்ந்த பியூர் ஆய்வு (2017), ஓய்வுநேரமல்லாத இயக்கமும் நன்மை தருவதாகச் சொன்னது. வீடு பெருக்குவதையும் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதையும் சுமை தூக்குவதையும் ஒரே கூடையில் போட்ட ஆய்வு, சுமை தூக்குவது பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. மறுபுறம், 1,04,046 பேரைக் கொண்ட கோபன்ஹேகன் ஆய்வு (2021) ஓய்வுநேர இயக்கம் இதய நிகழ்வுகளைக் குறைப்பதையும் பணியிட உழைப்பு அவற்றைக் கூட்டுவதையும் கண்டது. அதை அப்படியே எண்ணூருக்குக் கொண்டுவர நான் துணியமாட்டேன். வறுமையின் விளைவையும் வேலையின் விளைவையும் முற்றாகப் பிரிப்பது கடினம். ஆனால் பணியிட உழைப்பும் ஓய்வுநேர இயக்கமும் ஒன்றே என்னும் அனுமானத்தை அந்த ஆய்வு உடைத்துவிட்டது.

நீரிழிவு உள்ள உடம்பில் இப்பிரிவினை இன்னும் கூர்மையாகிறது. தசை எந்த வேலையில் சுருங்கினாலும் குளுக்கோசை உள்ளிழுக்கும். எனவே உழைப்பால் சர்க்கரை அளவு குறையலாம், அதை மறுக்கவில்லை. இதயத்தின் கதை வேறு. பாரத்தைத் தாங்கி மூச்சை அடக்கி நிற்கும் வேலை இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. அது மணிக்கணக்கில் நீடிக்கையில் இதயத்துக்கு ஓய்வில்லை. தானியங்கு நரம்பு பழுதடைந்தவருக்கு மாரடைப்பே வலியின்றி வரலாம். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு விடியுமுன் வெறும் வயிற்றில் வேலைக்கு இறங்குபவருக்குத் தாழ்சர்க்கரையும் சேர்ந்துகொள்கிறது.

சான் பிரான்சிஸ்கோவின் அந்தப் பழைய உழைப்பு இங்கே இருக்கிறதா? 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தில் நிலக்கரியைக் கன்வேயர்தான் கொண்டுசெல்கிறது. கண்டெய்னர் லாரி ஓட்டுநர் வரிசையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். வேலைநேரம் நீளம், இயக்கமோ ஏதுமில்லை. கையால் தூக்கும் வேலை எஞ்சியிருக்கும் இடத்தில் இளைப்பாறும் நேரம் தொழிலாளியின் கையில் இல்லை.

இங்குள்ள காற்றில் உடற்பயிற்சியே தீங்கு என்பார் உண்டு. சென்னையிலும் டெல்லியிலும் நுண்துகள் ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் கூடினால் நீரிழிவு ஆபத்து 22 விழுக்காடு கூடுவதாக 2023இல் வந்த ஆய்வை அவர்கள் காட்டலாம். அது காற்றைத் தூய்மையாக்கச் சொல்லும் சான்று. சுமை தூக்கும்போதும் அதே காற்றைத்தான் அந்த மனிதர் ஆழமாக இழுக்கிறார்.

இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் (2006), ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்கள் தம் வழக்கத்தைத் தொடருமாறு சொல்லப்பட்டனர். நீரிழிவு இன்னும் வராத 531 பேரிடம், நோய் வராமல் தடுக்க முடியுமா என்று பார்த்த ஆய்வுக்கு அது தக்க விதி. நோய் வந்துவிட்டவரின் இதயத்துக்கு அதுவே போதும் என்று அந்த ஆய்வு எங்கும் நிறுவவில்லை.

அரசின் நடைப்பயிற்சித் திட்டமான 'நடப்போம் நலம் பெறுவோம்' 2023 நவம்பர் 4 அன்று பெசன்ட் நகரில் தொடங்கியது. எண்ணூருக்கு அது நகரின் மறுகோடி. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்களோ 2021 முதல் வீடு தேடியே வருகிறார்கள். அவர்களின் பதிவேட்டில் வேலைநேர உழைப்பும் ஓய்வுநேரப் பயிற்சியும் தனித்தனிக் கட்டங்களில் எழுதப்பட வேண்டும். சுமை தூக்கும் நீரிழிவாளருக்கு முதலில் இதயப் பரிசோதனையும், பிறகு வேலைக்கு வெளியே அவர் உடம்புக்கேற்ற நடையும் எழுதித் தரப்பட வேண்டும்.