இடது காலுக்கு விடுதலை!

‘ஆட்டோமேட்டிக் காரா? அதெல்லாம் ஓட்டறதுல சேர்த்தியா சார்?’ என்று உதட்டைப் பிதுக்குகிறவரா நீங்கள்? 1920-களில் கார் ஓட்டியிருந்தால் கியர் போடுவதற்குள் உங்களுக்கு வியர்த்திருக்கும்! ஒவ்வொரு மாற்றலுக்கும் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ‘கர்ர்ர்’ரென்று பற்சக்கரங்கள் மோதிக்கொள்ளும்.

அந்தச் சத்தத்தை அடக்கியவர் அமெரிக்க இன்ஜினீயர் ஏர்ல் தாம்ப்சன். அவருடைய ‘சின்க்ரோமெஷ்’ 1928-ல் காடிலாக் காரில் வந்தது. மனிதர் அதோடு விட்டாரா? அவர் தலைமையிலேயே ‘ஹைட்ராமேட்டிக்’ பிறந்தது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் அதைப் பொருத்தினால், கிளட்ச் பெடலே கிடையாது! கிளட்ச்சின் வேலையை எண்ணெய் பார்த்துக்கொண்டது. கியர் தானாக மாறியது.

சொகுசுக்காரர்களின் சமாச்சாரம் என்கிறீர்களா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்5 டாங்கிகள் இதே ஹைட்ராமேட்டிக்கோடுதான் போர்க்களம் போயின.

போர் முடிந்தது. கால் இழந்து வீடு திரும்பிய வீரர்கள் கார் வாங்க, 1946-ல் அமெரிக்க அரசு ஆளுக்கு 1,600 டாலர் வரை கொடுக்க முன்வந்தது. இடது கால் போனவர் கிளட்சை எப்படி மிதிப்பார்? அவருக்குக் கைகொடுத்தது இந்த ஆட்டோமேட்டிக்தான்.

நாம் ‘சோம்பேறி வண்டி’ என்று கிண்டலடிக்கிறோம். அவரோ அதில்தான், யார் தயவுமில்லாமல் வேலைக்குப் போய் வந்தார்!