படம் அசையும் முன்: அசைவூட்டக் கதை எழுத வருவோருக்கு வரலாறு தரும் சில குறிப்புகள்

வைட்ஃபீல்டில் என்னைச் சந்திக்கும் தமிழ் மாணவர்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கின்றனர்: கதை எழுத வரும், அனிமேஷன் படங்களுக்கு எழுத வேண்டுமானால் எதைக் கற்க வேண்டும், யாரை அணுக வேண்டும்? கையேடுகள் இதற்குப் பாதி விடைதான் தருகின்றன. திரைக்கதையின் வடிவத்தையும் மென்பொருளின் பெயரையும் அவற்றிலிருந்து அறியலாம். இந்திய அசைவூட்டத்தில் எழுத்தாளருக்கு என்ன இடம் கிடைத்தது, அந்த இடம் ஏன் இவ்வளவு சிறியதாக இருந்தது என்பதை அவை சொல்வதில்லை. இதை அறியாமல் இத்துறைக்குள் நுழைபவர் எதை இழக்கிறார் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

1882இல் மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில், ஆங்கிலோ இந்தியர்களுக்கான வேளாண் குடியேற்றமாகத் தோன்றிய ஊர் வைட்ஃபீல்ட். அதற்குப் பெயர் தந்த டி. எஸ். வைட், ஊர் உருப்பெறுவதற்கு முன்பே குடியேற விரும்புவோருக்காக ஒரு வழிகாட்டி நூலை அச்சிட்டார். அந்த வகையில் இந்தப் பதிவுக்கு இதே ஊரில் ஒரு முன்னோடி உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

தாதாசாகேப் பால்கே 1915இல் தீக்குச்சிகளை அசைய வைத்துப் படம் எடுத்தார். எனினும், அசைவூட்டம் முறையான பயிற்சியாக இந்தியாவில் வேரூன்றியது 1956இல்தான். பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கேலிச்சித்திரப் பிரிவுக்குப் பயிற்சி அளிக்க, டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்தார். அப்பயிற்சியிலிருந்து 1957இல் 'தி பேன்யன் டியர்' உருவாயிற்று. கதை புத்த சாதகக் கதைகளுள் ஒன்று. பின்னாளைய வரலாற்றின் பெரும்பகுதி இந்தத் தேர்விலேயே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. சாதகம், பஞ்சதந்திரம், இராமாயணம், மகாபாரதம், தெனாலிராமன் என்று கதை முன்பே இருந்தது. கதை இருக்கும்போது எழுத்தாளர் எதற்கு என்ற எண்ணம், ஒருவரும் உரக்கச் சொல்லாமலே நிலைபெற்றது. 2000இல் சென்னையின் பெண்டாமீடியா 'பாண்டவாஸ்' படத்தை வெளியிட்டபோதும், 2014இல் 'கோச்சடையான்' வந்தபோதும் விளம்பரங்கள் தொழில்நுட்பத்தையே முன்னிறுத்தின.

பழங்கதையைத் தழுவுவதும் எழுத்துதான். 1974இல் பீம்சைன் இயக்கத்தில் ஃபிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்ட 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' இதற்குத் தக்க சான்று. வலையோடு பறந்து தப்பும் பறவைகளின் கதை எல்லோருக்கும் தெரியும். விஜயா மூலேயின் சிந்தனையில் உருவான இப்படம் அக்கதையிலிருந்து தொடங்கவில்லை. ஒரு சிறுவன் 'அனேக்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்கிறான். மூத்த பெண் ஒருத்தி விளக்குகிறாள். பறவைகளின் கதை அதன் பிறகே வருகிறது. 'பல' என்ற கருத்தை வரைந்து காட்ட முடியும். 'ஒற்றுமை' என்பதை நேரடியாக வரைய முடியாது. பலவற்றைக் காட்டி அங்கே வந்து சேர வேண்டும். இந்த வரிசையை அமைத்ததே இப்படத்தில் எழுத்தாளர் செய்த வேலை. தழுவல் எழுதுவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியதும் அதுதான்: மூலக்கதையை எந்தக் கேள்விக்கு விடையாக வைப்பது?

எழுத்து முறையைக் கற்க விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது 'மீனா' தொடரை. 1990களில் யூனிசெஃப் தெற்காசியப் பெண் குழந்தைகளுக்காக உருவாக்கிய தொடர் இது. பாத்திர வடிவமைப்பில் ராம் மோகன் முக்கியப் பங்காற்றினார்; மணிலாவிலிருந்த ஹன்னா-பார்பராவின் கலைக்கூடமும் துணைநின்றது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளில் எங்கும் அந்நியமாகத் தோன்றாத பெயர், உடை, வீடு ஆகியவற்றைத் தேட வேண்டியிருந்தது. கதைகளை ஸ்டோரிபோர்டு நிலையிலேயே ஊர்களுக்குக் கொண்டுசென்று, தாய்மாரிடமும் குழந்தைகளிடமும் காட்டிக் கருத்துக் கேட்டனர். கேட்டவற்றுக்கு ஏற்பத் திருத்தினர். படத்தை அசைவூட்டிய பிறகு ஒரு காட்சியை மாற்றுவது பெருஞ்செலவு. காகிதத்தில் மாற்ற ஓர் அழிப்பான் போதும். இத்துறையில் எழுத்தாளரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதை இந்தச் செலவுக் கணக்கே தீர்மானிக்கிறது. ஸ்டோரிபோர்டு முடிவதற்குள் சொல்லாத திருத்தத்தை அதன் பிறகு எவரும் கேட்கமாட்டார்கள்.

முதல் கதையைப் பாருங்கள். மீனாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவளுடைய கிளி மிட்டு, வகுப்பறைக்கு வெளியே இருந்து பாடத்தைக் கேட்டுவந்து அவளுக்குச் சொல்கிறது. எண்ணக் கற்ற மீனா கோழிகளை எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது, திருட்டு வெளிப்படுகிறது. பெண் கல்வியின் பயனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கோழி எண்ணிக்கையே வாதமாகிவிடுகிறது. மாணவர்கள் தம் திரைக்கதைகளை என்னிடம் காட்டும்போது வசனம் முழுவதையும் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்வேன். மிஞ்சும் செயல்களிலிருந்து கதை புரியவில்லையென்றால் அது வானொலி நாடகம். வானொலி நாடகமும் மதிப்புக்குரியதே, ஆனால் அதற்கு ஓவியர் தேவையில்லை.

இனி நம் ஊர். படக்கதை வரலாற்றில் பெங்களூருக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1965இல் இந்தியா புக் ஹவுஸின் பெங்களூர் விற்பனையாளர் ஜி. கே. அனந்தராம் முயற்சியால் 'அமர் சித்ர கதா' முதலில் கன்னடத்தில் வந்தது. உள்ளடக்கம் மேலைநாட்டுத் தேவதைக் கதைகள். அனந்த் பாயின் 'கிருஷ்ணா' வரிசையில் 11ஆம் எண்ணைப் பெற்றதற்குக் காரணம், முதல் பத்து இதழ்கள் அவையாக இருந்ததே. ஆனால் அசைவூட்டம் இந்நகருக்குப் பெருந்தொழிலாக வந்தபோது கதையோடு வரவில்லை, வேலையாகவே வந்தது. 2008இல் பாப்ரிகாஸ், டெக்னிகலர் நிறுவனங்கள் வழியே ட்ரீம்வொர்க்ஸுக்கென ஒரு தனிப்பிரிவு பெங்களூரில் தொடங்கியது. 2011இல் வெளியான 'புஸ் இன் பூட்ஸ்' படத்தின் ஒரு பகுதி இங்கே உருவானது. கலைஞர்களின் திறன் உலகத் தரத்தில் இருந்தது, ஐயமில்லை. திரைக்கதை மட்டும் கலிபோர்னியாவில் முடிவாகி வந்தது. 2012இல் கர்நாடகம் இத்துறைக்கென ஒரு கொள்கையை வெளியிட்ட பிறகும் இந்த அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் வீழ்ந்தபோது இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலை இழந்தனர். அவர்கள் ஆண்டுக்கணக்கில் உயிரூட்டிய பாத்திரங்களில் எதுவும் அவர்களுடையதாக இருக்கவில்லை.

பாத்திரம் யாருடையது என்ற கேள்விக்கு நம் நாட்டில் அரியதொரு வழக்கு இருக்கிறது. ஆனால் இதழியல் வகுப்புகளில்கூட அதைக் கற்பிப்பதில்லை. 'போபனும் மோளியும்' என்ற மலையாளப் படத்தொடரை வரைந்தவர் டாம்ஸ் எனப்பட்ட வி. டி. தாமஸ். மலையாள மனோரமாவில் பல்லாண்டு அது வெளிவந்தது. 1980களின் இறுதியில் பணியிலிருந்து விலகிய டாம்ஸ், அப்பாத்திரங்களை வேறோர் இதழில் வரையத் தொடங்கினார். மனோரமா நீதிமன்றம் சென்றது. 1988இல் கேரள உயர் நீதிமன்றம் டாம்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அப்பணியில் சேர்வதற்கு முன்பே அப்பாத்திரங்களை அவர் படைத்திருந்தார் என்பது முக்கியமான காரணம். பணிக்காலத்தில் வரைந்த படங்கள் ஒன்று, பாத்திரங்கள் மற்றொன்று. பணி முடிந்தபின் அவற்றைக் கொண்டு புதிதாக வரைவதைத் தடுக்க முடியாது. சந்தமாமாவில் அரை நூற்றாண்டு பணியாற்றி, தொடர்கதைகளைத் தம் பெயரின்றியே எழுதிய தாசரி சுப்பிரமணியத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தமிழில் அக்கதைகளைப் படித்து வளர்ந்த எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

'முன்பே' என்ற அந்தச் சொல் நடைமுறைக்கு உதவுவது. எந்த நிறுவனத்தில் சேர்வதற்கும் முன்னர், உங்களிடமுள்ள பாத்திரங்களின் பெயர், தோற்றம், இயல்பு, உறவுகள், இரண்டு மூன்று கதைகள் ஆகியவற்றை எழுதித் தேதியோடு பதிவு செய்துவிடுங்கள். பதிப்புரிமைப் பதிவு சட்டப்படி கட்டாயமில்லை, சான்றாக உதவும். ஒற்றை வரிக் கருவைப் பதிவு செய்வதால் பயனில்லை. ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதன் வெளிப்பாட்டுக்கே உண்டு. ஆகவே விரிவாக எழுதப்பட்டதே உங்களுடையது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை ஒருமுறையேனும் படியுங்கள். பத்திரிகையில் பணியாற்றும் எழுத்தாளரின் படைப்பில், வேறு உடன்பாடு இல்லாவிடில், இதழில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளரைச் சேரும், எஞ்சியவை எழுதியவருடையவை. ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்கு எழுதுபவருக்கு இந்தச் சலுகை இல்லை. முதல் உரிமையாளர் நிறுவனமே. 2012 திருத்தம் இங்கே ஒரு வரம்பு இட்டது: திரைப்படத்தில் சேர்க்கப்படும் எழுத்துப் படைப்பில் ஆசிரியரின் உரிமையை இவ்விதி பாதிக்காது. திரையரங்கு தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான உரிமத்தொகையில் தமக்குள்ள பங்கை ஆசிரியர் விட்டுக்கொடுக்கவும் முடியாது. வேலை தேடும் இளைஞர் இச்சட்டத்தைச் சொல்லி எவ்வளவு பேரம் பேச முடியும் என்பது வேறு கேள்வி. ஆனால் படத்தில் இடம்பெறாமல் அலமாரியில் தங்கிவிடும் வரைவுகளுக்கு இந்த வரம்பு உதவாது. பெரும்பாலான வரைவுகளின் கதி அதுதான்.

வெளியிலிருந்து எழுதித் தருவோர் 19ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு. எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகும். நிறுவனங்களின் படிவங்கள் பெரும்பாலும் 'வேறுவிதமாக'த்தான் சொல்லும். அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, ஓராண்டை இரண்டாக்க முடியுமா என்றாவது கேளுங்கள். 'என்றென்றும்' என்ற சொல்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

முதல் படைப்பைப் படநூலாக வெளியிடுவது நல்ல வழி. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் எழுதலாம். ஓவியருடன் இணைந்து பக்கம் பக்கமாகச் சிந்திக்கும் பழக்கமும் அங்கே கிட்டும். ஆனால் அங்கு வெளியாகும் கதைகள் திறந்த உரிமத்தின் கீழ் வருபவை: பெயரைக் குறிப்பிட்டு எவரும் அவற்றை அசைவூட்டப் படமாக்கலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. வாசகர்களை அடைய அங்கே ஒரு கதையைக் கொடுங்கள். தொடராக வளரக்கூடிய பாத்திரத்தை மட்டும் தேதியிட்ட குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.