சீனி, பனிக்கட்டி, ஒரு டம்ளர் சர்பத்

கம்பத்துப் பன்னீர் திராட்சை வீட்டுக்கு வந்துவிட்டால் அம்மாச்சி அடுப்படியை விட்டு நகராது. பழத்தைக் கழுவி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும்வரை வேகவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டும். ஒரு லிட்டர் சாறுக்கு ஒன்றரைக் கிலோ சீனி. "இம்புட்டா?" என்று வாயைப் பிளப்பேன். "கொறைச்சா பூசணம் பூத்துரும்டா" என்பதோடு பேச்சு முடிந்தது. கடைசியில் இரண்டு எலுமிச்சம்பழம் பிழியும்.

அம்மாச்சி சொன்னது சரிதான். பாகின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருந்தால், கிருமிகள் வாழத் தேவையான தண்ணீரை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையைப் பிளப்பதால் பாகு கட்டி தட்டாது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பழத்தைப் பல மாதங்கள் காப்பாற்றிய வழி இது.

சர்பத் என்ற சொல்லின் வேர் அரபு மொழியில் இருக்கிறது. 'ஷரிபா' என்றால் குடித்தான். அதே வேரிலிருந்துதான், லத்தீன் வழியாக, ஆங்கிலத்தின் 'சிரப்' வந்தது. ஆக, பாட்டிலில் இருக்கும் சிரப்பும் டம்ளரில் கலக்கும் சர்பத்தும் அண்ணன் தம்பிகள்.

சரி, குளிர்ச்சி எங்கிருந்து வந்தது? அக்பரின் அரண்மனையில் வெடியுப்பு கரைத்த தண்ணீரில் பாத்திரத்தைச் சுழற்றிக் குடிநீரைக் குளிர்வித்தார்கள் என்று அபுல் ஃபஸலின் 'அயினி அக்பரி' சொல்கிறது. அரசவை லாகூருக்கு மாறிய பிறகு வடக்கு மலைகளிலிருந்து பனி வந்தது. கோடையில் எல்லாத் தரப்பினரும் அதைப் பயன்படுத்தினார்களாம். ஆண்டு முழுக்க என்றால் பிரபுக்கள் மட்டும்தான்.

தெற்கே இருந்த நமக்குப் பனி கப்பலில் வந்தது. 1833-இல் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடரின் பனிக்கட்டி, 'டஸ்கனி' என்ற கப்பலில் கல்கத்தா வந்து இறங்கியது. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் அறுத்து, மரத்தூள் போட்டுப் பொதிந்து, நான்கு மாதக் கடல் பயணம். சென்னைக் கடற்கரையில் அதற்காக 1842-இல் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். உள்ளூரிலேயே இயந்திரங்கள் பனி செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் செத்துப்போனது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடத்துக்கு இன்று அவர் பெயர். ஆனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் இன்னமும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.

அதே 1833-இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. அடுத்த வருடமே மொரீஷியஸுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். 1860-இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போனது. ஐந்து வருட ஒப்பந்தம் என்று போனவர்களில் தமிழர்கள் ஏராளம். நிறையப் பேர் திரும்பவே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொரீஷியஸ் சர்க்கரை இந்தியாவுக்கே வந்து விற்றது. நம் ஆட்கள் கடல் தாண்டி வெட்டிய கரும்பு, வெள்ளைச் சர்க்கரையாக நம் துறைமுகத்துக்கே திரும்பி வந்தது.

இந்தப் பயணங்களில் சிலவற்றைத் தமிழ் தன் நாக்கில் வைத்திருக்கிறது. 'சீனி'யில் சீனா இருக்கிறது. பெரியவர்கள் சொல்லும் 'அஸ்கா'வில், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த, சர்க்கரை ஆலைக்குப் பேர்போன அஸ்கா என்ற ஊர் இருக்கிறது. கரும்புக்குப் போனவர்களின் சுவடு மட்டும் இந்தச் சொற்கள் எதிலும் இல்லை.

அம்மாச்சி கடைசிவரை சர்பத்தில் ஐஸ் போட்டதில்லை. "தொண்டை கட்டிக்கிரும்" என்று மண்பானைத் தண்ணீரைத்தான் ஊற்றும். பானையில் கசிந்து ஆவியாகும் தண்ணீரே உள்ளே இருப்பதைக் குளிர்விக்கும். அதற்கு எந்தக் கப்பலும் வரவேண்டியதில்லை. இந்த மே மாதம் நானும் பாகு காய்ச்சினேன். ஒரு பங்கு பாகுக்கு நாலு பங்கு பானைத் தண்ணீர். சீனிக்கு மட்டும் மாற்று தெரியவில்லை. ஒன்றரைக் கிலோவை அளந்து கொட்டும்போது கை ஒரு நொடி நின்றது.