இறந்தகாலத் தொடர்வினை (ஆங்கில இலக்கணம்)

கடந்துபோன ஒரு நேரத்தில் ஒரு செயல் முடிவடையாமல் நடந்துகொண்டிருந்ததைக் காட்டும் ஆங்கில வினை வடிவம் இறந்தகாலத் தொடர்வினை. பள்ளிப் பாடங்களில் இது 'பாஸ்ட் கன்டினியூயஸ் டென்ஸ்'. மொழியியல் நூல்களில் 'பாஸ்ட் புரோகிரெசிவ்'. செயலின் தொடக்கத்தையும் முடிவையும் ஒதுக்கி, அதன் நடுப்பகுதியைக் காட்டுவதே இதன் அடிப்படை இயல்பு. இதன் பயன்களில் பெரும்பாலானவை இந்த இயல்பிலிருந்தே கிளைக்கின்றன.

அமைப்பு

'வாஸ்' அல்லது 'வேர்' என்னும் துணைவினையுடன் முதன்மை வினையின் 'இங்' வடிவம் சேரும். ஐ, ஹி, ஷி, இட் ஆகியவற்றுக்கும் ஒருமைப் பெயர்களுக்கும் 'வாஸ்'. யூ, வி, தே ஆகியவற்றுக்கும் பன்மைப் பெயர்களுக்கும் 'வேர்'. எதிர்மறையில் துணைவினையை அடுத்து 'நாட்' வரும்: 'ஷி வாஸ் நாட் ஸ்லீப்பிங்'. கேள்வியில் துணைவினை எழுவாய்க்கு முன்னே போகும்: 'வேர் தே பிளேயிங்?'

பயன்கள்

ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கிடுவதைச் சொல்லவே இவ்வடிவம் மிகுதியாக வருகிறது. 'வென் ஹி கேம், ஐ வாஸ் மேக்கிங் டீ' என்றால், அவர் வந்தபோது அடுப்பில் ஏற்கெனவே தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. 'வென் ஹி கேம், ஐ மேட் டீ' என்றால், அவர் வந்த பிறகுதான் தேநீர் போடப்பட்டது. டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் (1860–1943), தொடர்வினை மற்றொரு நிகழ்வைச் சூழ்ந்து நிற்கும் சட்டகம் என்று விளக்கினார்.

'வைல்' சேர்த்து ஒரே நேரத்தில் நடந்த இரு செயல்களையும் சொல்லலாம். கதைகளில் மழை, கூட்டம், தெரு போன்ற பின்னணியை இவ்வடிவம் விரிக்க, நிகழ்ச்சிகளை எளிய இறந்தகாலம் நகர்த்திச் செல்லும். 'ஆல்வேஸ்' சேரும்போது பெரும்பாலும் சலிப்பு தொனிக்கும்: 'ஹி வாஸ் ஆல்வேஸ் கம்ப்ளெய்னிங்'. 'ஐ வாஸ் வொண்டரிங்' என்று தொடங்கும் வேண்டுகோளில் காலம் இறந்தகாலமானாலும் கருத்து நிகழ்காலத்தது; அது பணிவுக்காக வருவது.

முடிவு சொல்லாமை

'ஹி டிரௌண்ட்' என்றால் அவர் மூழ்கி இறந்தார். 'ஹி வாஸ் டிரௌனிங்' என்றால் மூழ்கிக்கொண்டிருந்தார், யாரேனும் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் 'ஹி வாஸ் ஸ்விம்மிங்' என்றால் அவர் நீந்தினார் என்பது உறுதி. இயல்பாகவே ஒரு முடிவை நோக்கிச் செல்லும் வினைகளில் மட்டும் எழும் இச்சிக்கலை அமெரிக்க மொழியியலாளர் டேவிட் டௌட்டி 1977இல் விரிவாக ஆராய்ந்தார்.

நிலைவினைகள்

நோ, பிலீவ், ஓன், பிலாங் போன்றவை செயலை அன்றி நிலையைக் குறிப்பதால் பொதுவாக இவ்வடிவம் ஏற்பதில்லை. 'ஹேவ்' உடைமையைக் குறித்தால் ஏற்காது. உண்ணுதலைக் குறித்தால் ஏற்கும்: 'வி வேர் ஹேவிங் லஞ்ச்'.

வரலாறு

பழைய ஆங்கிலத்திலேயே 'இரு' என்னும் பொருளுள்ள வினையுடன் 'எண்டே' என முடியும் எச்சம் சேர்ந்து வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அவ்விகுதியின் இடத்தை 'இங்' பிடித்தது. 'வாஸ் பீயிங் பில்ட்' என்னும் செயப்பாட்டு வடிவம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவத் தொடங்கியது; அதற்கு முன் 'தி ஹவுஸ் வாஸ் பில்டிங்' என்றே எழுதினர். புதிய வடிவத்தை 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர் சிலர் கடுமையாக எதிர்த்தும் அதுவே நிலைத்தது.

தமிழர் கற்கும்போது

'படித்துக்கொண்டிருந்தேன்' என்பதற்கு 'ஐ வாஸ் ரீடிங்' நேராகப் பொருந்தும். எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது. 'அவர் இரண்டு வீடு வைத்திருந்தார்' என்பதை 'ஹி வாஸ் ஹேவிங் டூ ஹவுசஸ்' என்பது பரவலான பிழை. 'ஹி ஹேட்' என்பதே சரி. 'சின்ன வயதில் தினமும் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தோம்' என்னும் பழக்கத்துக்கு 'யூஸ்ட் டு' வேண்டும். வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்வதைவிட, ஒரே வினையை எளிய இறந்தகாலத்திலும் தொடர்வினையிலும் அடுத்தடுத்து எழுதிப் பொருள் மாறுவதைக் கவனிப்பதே கற்போருக்கு உறுதியான வழி.