நெருக்கடியும் புதுக்கருவியும்

வாணிகம் செழித்திருக்கும் காலத்தில் வணிகர் புதுமுறையை நாடுவது அரிது. பழகிய முறையே பயன் தரும்போது அதனை மாற்றுவானேன் என்பது அவர்தம் எண்ணம். நெருக்கடி வந்த பின்னரே புதுக்கருவி கடைக்குள் நுழைகின்றது. அவ்வாறு நுழையுங்கால் யாவரும் ஒருபடித்தாய்ப் பயன் பெறுகின்றனரா? இவ்வினாவிற்கு விடை காண, நம் நாட்டில் நிகழ்ந்த இரண்டு நெருக்கடிகளை ஒப்பிட்டு நோக்குவோம்.

முதலாவது, ரப்பர் விலை வீழ்ச்சி. 1925ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் சந்தையில் இராத்தல் நான்கு ஷில்லிங்குக்கு மேல் விற்ற ரப்பர், 1932இல் இரண்டு பென்சுக்கும் கீழே இறங்கிற்று. தோட்டங்களில் ஆட்குறைப்பு நேர்ந்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர், பெரும்பாலும் தமிழர், கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர்.

அந்நாளில் தோட்டத்தொழிலுக்குக் கிடைத்த புதுக்கருவி மொட்டு ஒட்டுமுறை. டச்சுக்காரர் சாவகத்திலும் சுமத்திராவிலும் வளர்த்த இம்முறையை, 1925இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் ஆராய்ந்து பரப்பிற்று. மிகுதியாகப் பால் சுரக்கும் மரத்தின் மொட்டை நாற்றில் ஒட்டினால், அதே நிலம் கூடுதல் விளைவு தரும்; அடக்கவிலை குறையும்.

ஆயினும் 1934ஆம் ஆண்டின் அனைத்துலக ரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்பாடு புதுநடவைத் தடுத்து, மறுநடவை ஓரளவே அனுமதித்தது. பழைய மரத்தை வெட்டி ஒட்டுக்கன்று நட்டால், பால் வெட்ட ஏறத்தாழ ஏழாண்டு பொறுத்தல் வேண்டும். முதல் படைத்த கம்பெனிகள் பொறுத்தன. மூன்று நான்கு ஏக்கரை நம்பிய சிறுதோட்டக்காரர் ஏழாண்டுக்கு எதை உண்பர்? அவர்களுக்கும் உதவும் வண்ணம் மறுநடவு நிதிக்குச் சட்டம் பிறந்தது 1952இல்தான். கருவி முன்னே வந்தது. அதனைக் கைக்கொள்ளும் வழி பின்னே வந்தது.

இரண்டாவது நெருக்கடி நாம் யாவரும் கண்டது. கோவிட் நோயால் 18-3-2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 17 விழுக்காடு சுருங்கிற்று. 1924இல் முறைப்படித் திறக்கப்பட்ட சொகூர்ப் பாலமும் அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்புவோர்க்கு அடைபட்டது. முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் நாளில்தான். கோத்தா திங்கி சாலையிலுள்ள எம் உலு திராம் போன்ற ஊர்களில், சிங்கப்பூர் வருவாயை நம்பிய குடும்பங்கள் பல. அவை தளர்ந்தபோது அவற்றை நம்பிய கடைகளும் தளர்ந்தன.

இம்முறை வந்த கருவி கியூஆர் குறியீடு. 1994இல் சப்பானிய டென்சோ வேவ் நிறுவனம் மோட்டார் உறுப்புகளைக் கணக்கிட உருவாக்கிய அக்கட்டம், மளிகைக் கடையின் கல்லாவிலும் ஒட்டப்பட்டது. 2020 சூன் திங்களில் அறிவித்த பென்ஜானா திட்டத்தின்கீழ், தகுதியுள்ள குடிமக்களுக்கு மின்பணப்பை வழியே ஐம்பது வெள்ளி வழங்கி அரசு இப்பழக்கத்தை ஊக்கிற்று. சிறு, நடுத்தரத் தொழில்கள் மின்னிலக்க முறைக்கு மாற, செலவில் பாதியை, 5,000 வெள்ளி வரையில், மானியமாகவும் தந்தது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குக. பாதி மானியம் பெற வேண்டுமாயின், மறுபாதி கடைக்காரர் கையில் இருத்தல் வேண்டும். விற்பனையே இல்லாத திங்களில் அம்மறுபாதிக்கு எங்கே போவது? ஏழாண்டு பொறுக்க இயலாத சிறுதோட்டக்காரரின் இடர்ப்பாடே வேறு வடிவில் மீண்டது எனலாம்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஒட்டுக்கன்றுக்கு நிலமும் காலமும் வேண்டும்; குறியீட்டை ஒட்டுவதற்கு ஒரு நாள் போதும். அதன் பயனை அறுவடை செய்யவோ கணக்கறிவு வேண்டும். முன்பு தோட்டக்கடைக்காரர் பற்றெழுதிய நோட்டு, யார் சம்பள நாளில் தருவார் என்பதை அவருக்கு மட்டும் சொல்லிற்று. கைப்பேசியில் பதியும் வரவோ வங்கிக்கும் சான்றாகும். அதனைப் படித்து, திங்கள்தோறும் தொகுத்து வைப்பவர்க்குக் கடன் பெறும் வழி எளிதாகும். பணம் வந்த ஓசையை மட்டும் கேட்டு மகிழ்பவர்க்கு அவ்வழி புலப்படாது.

அலை ஓய்ந்த பின் தலை முழுகலாம் என்று கரையில் நிற்றல் தகாது. அடுத்த நெருக்கடி வருமுன்னரே சிறுவணிகர்க்குத் தமிழில் கணக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். அதற்கு மாலை வேளையில் திறந்த ஒரு வகுப்பறையும், சொல்லித்தர ஓர் ஆசிரியரும் போதும். 1934க்கும் 1952க்கும் இடையே சிறுதோட்டக்காரர் காத்திருந்த பதினெட்டு ஆண்டுகளை நம் கடைக்காரரும் காத்திருக்க வேண்டுவதில்லை.