புரோயிக் மக்களின் மாப்பனையும் வாய்மொழி வரலாறும்

இந்தியாவின் வடகிழக்கு எல்லையில், அருணாசலப் பிரதேசத்தின் கிழக்குக் காமெங், குருங் குமே முதலிய மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் வாழும் சிறுகுடியினர் புரோயிக் மக்கள். ஆயினும் பழைய நூல்களைப் புரட்டுவோர் இப்பெயரை எளிதிற் காணார். ஆங்கே அவர்கள் ‘சுலுங்’ எனப்படுகின்றனர். அஃது அண்டையில் வாழும் வலிய குடியினர் வழங்கிய பெயர். அடிமை எனும் இழிவு படிந்துவிட்ட பெயர். ‘புரோயிக்’ என்பதே அவர்கள் தம்மைத் தாம் சுட்டும் பெயர். இம்மக்களின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் முதற்கண் பெயரையே மீட்டெடுக்க வேண்டியுள்ளது.

1944-45ஆம் ஆண்டுகளில் சுபான்சிரிப் பகுதியில் பயணம் செய்த மானிடவியலார் பியூரர் ஹைமெண்டார்ப் இம்மக்களைக் குறித்து எழுதினார். 1952இல் ஸ்டோனர் தனிக் கட்டுரையே வரைந்தார். 1982இல் அருணாசல அரசின் ஆய்வுத் துறை தேவூரி எழுதிய நூலை வெளியிட்டது. இவற்றுள் திரும்பத் திரும்பப் பேசப்படுவது, நிஷி முதலான அண்டைக் குடியினர்க்குப் புரோயிக் மக்கள் கட்டுண்டு உழைத்த நிலை. இக்கட்டின் முடிச்சு திருமணத்தில் இருந்தது. பெண் கொள்வோர் பரிசம் கொடுத்தாக வேண்டும். மிதுன் எனும் மலைமாடு அதில் தலையாயது. மாடில்லாத புரோயிக் இளைஞனுக்காக ஆண்டை அதனைக் கொடுத்தான். கடன் பட்டவன் அவன் மனைக்கு உரியவன் ஆனான். பிறந்த மக்களும் அவ்வாறே. மகளை மணம் செய்து கொடுத்தாலும் பரிசம் ஆண்டைக்கே போயிற்று. இன்ன குடும்பம் இன்ன மனைக்கு உரியது என்பதற்கு ஏடு இல்லை, முறி இல்லை. அடிமைத்தனமும் வாய்மொழியாகவே வழங்கியது என்பதை வாய்மொழி மரபைப் போற்றுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

எனில், ஆண்டையின் நினைவுக்கு அப்பாற்பட்டு, இம்மக்கள் தமக்கெனக் காத்த நினைவு எங்குள்ளது? அதனை அவர்தம் உணவிலே தேடலாம்.

புரோயிக் மக்களின் தொன்மையான உணவு நெல்லன்று. காட்டுப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மா. நியூகினித் தீவினர் உண்ணும் சதுப்புநிலச் சாகோப் பனை இம்மலைகளில் இல்லை. இங்குள்ளவை கேரியோட்டா, வாலிச்சியா இனங்களைச் சார்ந்த மலைப்பனைகள். மரத்தை வீழ்த்தித் தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் நாரோடு கூடிய சோற்றை மரக் கருவியால் அடித்து நொறுக்குவர். நொறுங்கியதை மூங்கிற் பாயின்மேல் இட்டு நீர் வார்த்துப் பிசைவர். நார் மேலே தங்க, மா கலந்த நீர் கீழே வடியும். தெளியவிட்டு நீரை இறுத்தால் அடியில் வெண்மா படிந்திருக்கும். அதனைக் களியாகக் கிண்டியும் சுட்டும் உண்பர். உழைப்பு மிகுதிதான், ஆயினும் உழவில்லை, விதைப்பில்லை, மழை பொய்த்ததே எனும் கவலையும் நெல்லுக்குள்ள அளவிற்கு இல்லை.

அறிவின் நுட்பம் அடிப்பதிலும் பிழிவதிலும் இல்லை. வெட்டும் காலத்தைக் கணிப்பதில் உள்ளது. இப்பனைகள் வாழ்நாளில் ஒரே ஒரு பூக்கும் பருவம் உடையவை. அப்பருவம் முடிந்ததும் தண்டு பட்டுவிடும். பல்லாண்டுகளாகத் தண்டிற் சேர்த்த மாவனைத்தையும் மரம் பூவுக்கும் காய்க்கும் செலவிட்டுவிடும். ஆகவே முன்னரே வெட்டினால் மா நிரம்பியிராது. பிந்தினால் வெறும் நாரே எஞ்சும். இம்மரத்தை நம்பி வாழ்வோர், எந்தச் சரிவில் எந்த மரம் எப்பருவத்தில் நிற்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் நினைவிற் கொள்ளாமல் இயலாது. தந்தை கண்டுவைத்த இளமரம் மகன் காலத்தில் உணவாகும். இடமும் காலமும் சேர்ந்த இந்நினைவை வரலாறு என்று கூறாமல் வேறு என்னென்பது?

தமிழர்க்கு இம்மரம் முற்றிலும் அயலானதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கூந்தற்பனையும் ஈழத்தில் கித்துள் எனப்படுவதும் இக்கேரியோட்டா இனமே. நாம் பாயசத்தில் இடும் சவ்வரிசியும் முன்பு கடல் கடந்து வந்த பனைமாவே. சேலத்து மரவள்ளிக்கிழங்கு அதன் இடத்தைப் பிடித்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்தான்.

மொழியும் ஆராயத்தக்கது. அண்டை மொழிகளோடு எளிதிற் பொருந்தாத புரோயிக் மொழியைத் திபெத்திய-பர்மியக் குடும்பத்தில் சேர்ப்போரும் தனிமொழி எனக் கருதுவோரும் உளர். வான் டிரைம் 2001இல் இதனை மேற்கிலுள்ள புகுன், ஷெர்துக்பென் முதலிய மொழிகளோடு சேர்த்துக் ‘கோ-புவா’ எனப் பெயரிட்டார். ‘கோ’ நீர், ‘புவா’ தீ. லீபர்ஹெர், போட் ஆகியோர் 2017இல் அடிப்படைச் சொற்களை ஒப்பிட்டு அவ்வுறவை ஆராய்ந்தனர். பனைமா உணவின் தொன்மைக்குச் சான்று வேறொரு திசையிலிருந்தும் வந்தது. தென்சீனக் கடற்கரையில் சின்சுன் என்னுமிடத்தே கிடைத்த, ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையுடைய கற்கருவிகளில் பனைமாத் துகள்கள் ஒட்டியிருந்ததை 2013இல் ஆய்வாளர் வெளியிட்டனர். நெல் பரவுமுன் பனைமா அப்பகுதியில் முதன்மை உணவாயிருந்தது என்பது அவர்தம் முடிபு. இதனைக் கொண்டு புரோயிக் மக்களைக் கற்காலத்தின் எச்சம் எனச் சிலர் பேசத் தலைப்படுவது பொருந்தாது. பழைய உணவை உண்போர் பழைய மனிதர் ஆகிவிடார். கேழ்வரகு உண்போரை நாம் அவ்வாறு கூறுவதில்லை.

பனைமா ஏழையின் உணவு என்று நெல்லுண்ட அண்டையர் எள்ளினர். ஆயினும் ஆண்டையின் களத்து நெல் ஆண்டை அளந்தது. காட்டுப் பனையின் மா எவரும் அளந்து கொடுத்ததன்று. உடல் கட்டுண்ட காலத்தும் வயிறு முழுவதும் கட்டுண்ணாமற் காத்தது இம்மரமே எனலாம்.

1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடு முழுவதும் வந்தது. புரோயிக் மக்களின் கட்டு அதன் பின்னரும் பல்லாண்டுகள் நீடித்தது. கிழித்தெறிய முறி ஏதும் இல்லை. கடன் இரு தரப்பாரின் நினைவிலும் இருந்தது. நினைவிலுள்ள கடனை எந்த அதிகாரி தள்ளுபடி செய்வது? இதற்கிடையே சாலையும் பள்ளியும் நியாயவிலை அரிசியும் வந்தன. அரிசி வேண்டாம் என்று கூற எவர்க்கும் உரிமையில்லை. பசித்தவர்க்கு அது நன்மையே. எனினும் அரிசி உண்டு வளரும் பிள்ளைக்குப் பனைத்தண்டைத் தட்டிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. அந்த மரம் இவ்வாண்டு வெட்டத்தக்கதா, அடுத்த ஆண்டுவரை நிற்கட்டுமா என்பதை அவன் பாட்டனிடம் கேட்பதும் இல்லை.