தறிக்குழியிலிருந்து பார்த்த குழந்தை

காஞ்சிபுரத்தின் மேற்கே, பிள்ளையார்பாளையத்துத் தெருக்கள் ஓய்ந்து வெளி தொடங்குகிற இடத்தில் நிற்கும் கைலாசநாதர் கோயிலுக்கு மாலை வேளைகளில் என் குழந்தைகள் இருவரையும் அழைத்துச் செல்வது சில வருஷங்களாகவே எனக்கு வழக்கமாகிவிட்டது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய அந்தக் கற்றளியின் திருச்சுற்றைச் சூழ்ந்து வரிசையாக நிற்கும் சிற்றாலயங்கள், சிற்ப சாஸ்திரம் பயின்றவர்களுக்கு எப்படியோ, ஐந்து வயதுப் பெண்ணுக்கும் மூன்று வயதுப் பையனுக்கும் கண்ணாமூச்சி ஆடுவதற்கென்றே பிரத்தியேகமாகக் கட்டப்பட்டவை. அங்கே பல்லவர் கை விட்டுப்போன விசேஷம் சோமாஸ்கந்த மூர்த்தம்: அப்பனும் அம்மையும் ஓர் ஆசனத்தில் அமர்ந்திருக்க, இருவருக்கும் இடையே தாயின் மடியோரமாகக் குழந்தை கந்தன். ஒருநாள் அதன் முன் நின்ற என் மகள், "ஏம்ப்பா, இந்தக் குட்டிப் பையன் ஆடாம அசையாம உக்காந்திருக்கான்?" என்று கேட்டாள். "அவங்க அப்பா பக்கத்துலயே இருக்காரு இல்ல, அதான்" என்றேன். "நீயுந்தான் பக்கத்துல இருக்கே" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சிற்றாலயத்துக்குள் ஓடிவிட்டாள்.

இந்த ஊரின் அமைப்பே அந்த மூர்த்தத்தைத்தான் பின்பற்றுகிறது என்பது காஞ்சிவாசிகளுக்குப் பழைய செய்தி. ஏகாம்பரநாதர் ஒருபுறம், காமாட்சியம்மன் ஒருபுறம், இருவருக்கும் நடுவே குமரகோட்டம். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் இயற்றியதாகச் சொல்லப்படுவது அந்த நடுக்கோயிலில்தான். காமாட்சி இருக்கையில் இவ்வூர்ச் சிவாலயங்களில் தனியே அம்மன் சந்நிதி வைக்கும் வழக்கம் இல்லையாதலால், அப்பனைக் காணவும் அம்மையைக் காணவும் தெருத்தெருவாக நடக்கிறவன், வழியில் பிள்ளையைப் பார்க்காமல் போக முடியாது. அப்பனையும் அம்மையையும் பிள்ளையையும் இப்படி ஒருங்கே நிறுத்திய ஊரில், தகப்பனும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் நாள் முழுவதும் கழித்த கதையை எழுதி வைத்தவர்கள் குறைவு. பட்டின் இழையை எண்ணியவர்கள் உண்டு. 1899ஆம் ஆண்டிலேயே சென்னை ராஜதானியின் பட்டு நெசவைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் தனி நூல் எழுதிவிட்டார். தறிக்குப் பக்கத்தில் தவழ்ந்த குழந்தைகளின் சரித்திரம் வீட்டுப் பேச்சிலே மட்டும் தங்கியிருக்கிறது.

என் பாட்டனார் நெசவாளி. ஆபீசுக்கோ ஆலைக்கோ போகிற தகப்பன் தன் குழந்தையைக் காலையில் தூக்கத்திலும் இரவில் தூக்கத்திலும் பார்க்கிறவன். உழவனுக்கோ வயல் வெளியே இருக்கிறது. இந்த ஊர் நெசவாளி ஒருவன்தான், விடியற்காலை தொடங்கி விளக்கு வைக்கும் வரை பிள்ளைகளின் நடுவிலேயே ஜீவனம் நடத்தியவன். அதிலும் குழித்தறி விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை விட்டு மிதிகளை மிதித்துக்கொண்டு, குழியின் விளிம்பில் தரைமட்டத்தில் உட்கார்ந்து நெய்கிறவனுடைய கண், நின்று நடமாடுகிற மனிதனுடைய கண்ணைப்போல் மேலிருந்து குழந்தையைப் பார்ப்பதில்லை. தவழுகிற குழந்தையின் முகத்துக்கு நேரே, ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கிறது. முதல் பல் முளைத்ததையும், சுவரைப் பிடித்து எழுந்து நின்றதையும், வாயில் எதையோ போட்டு மென்றதையும் அந்த வீடுகளில் முதலில் கண்டவன் பெரும்பாலும் தகப்பன்தான். என் தந்தை நடை பழகிய நாளை, அப்போது நெய்துகொண்டிருந்த சேலையின் நிறத்தை வைத்தே பாட்டனார் ஞாபகம் வைத்திருந்தார்: "அரக்குச் சேலை முந்தி போடறப்ப இவன் நடந்தான்." பஞ்சாங்கத்தைவிட அது அவருக்கு நிச்சயமான கணக்கு.

உத்தரத்திலிருந்து பழஞ்சேலையில் கட்டிய தூளி தறிக்கு எட்டும் தூரத்தில் தொங்கும். அதிலிருந்து ஒரு கயிறு அவர் கைக்கருகே வரும். குழந்தை சிணுங்கினால் பலகை அடிப்பதற்கு இடையில் ஓர் இழுப்பு. தறியின் ஓசை நின்றால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று பாட்டி சொல்வாள். ஆகையால் குழந்தை தூங்குவதற்காகவே சில மத்தியானங்களில் அவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதும் உண்டாம். உருண்டு வருகிற குழந்தை குழியில் விழாமல் பார்ப்பதும், பாவின்மேல் ஈரக்கை படாமல் பார்ப்பதும், வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கமுலாம் ஏற்றிய ஜரிகைக் கட்டைகளை எட்டாத உயரத்தில் மாட்டிவைப்பதும் நெசவைச் சேர்ந்த வேலைகளாகவே கருதப்பட்டன. தமிழ் பேசும் வீடுகளில் "அப்பா" என்றும், தெலுங்கு பேசும் தேவாங்கர், பத்மசாலியர் வீடுகளில் "நைனா" என்றும் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அழைப்புக்கு, தலையைத் திருப்பாமலே "ம்" என்று பதில் சொல்லும் வித்தையை எல்லாத் தகப்பன்மாரும் கற்றிருந்தார்கள். கைப்பேசியைப் பார்த்தபடி நான் சொல்கிற "ம்" அதே வித்தைதான் என்று என் மனைவி சொல்கிறாள்; அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இவ்வளவு அருகாமை வெறும் இனிமையாகவே இருந்துவிடவில்லை. காஞ்சிப் பட்டின் பெருமையான கோர்வைதான் அதற்குக் காரணம். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக, இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஊடை இழையை ஊடையிழையோடு கொக்கிபோல் மாட்டி நெய்யும் இந்த முறைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒருவனுக்கு இரண்டே கைகள். ஆகவே நெசவாளிக்குப் பக்கத்தில், கரையோரமாக, இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைப் போட்டு வாங்கவேண்டும். 1733இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த, கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் முயன்று பரப்பியபோது பருத்தி நெசவு எவ்வளவோ வேகம் கண்டது; காஞ்சியின் கோர்வைச் சேலையில் அது இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறந்தோடுகிற நாடாவுக்கு, நடுவழியில் நின்று இன்னொரு நிறத்தோடு கைகோத்துத் திரும்புகிற பொறுமை ஏது? அதனால் தறிக்கு இரண்டாவது ஜோடிக் கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகள் சின்னவையாகவும், விரல்கள் நுண்ணியவையாகவும், கூலி இல்லாதவையாகவும் இருப்பது எல்லாருக்கும் சௌகரியமாயிருந்தது.

தூளியிலிருந்து இறங்கிய குழந்தை, தார் சுற்றும் ராட்டினத்தண்டை கொஞ்ச காலம் விளையாடிவிட்டு, ஆறேழு வயதில் தகப்பன் பக்கத்துப் பலகையில் ஏறி உட்கார்ந்தது இப்படித்தான். அதில் வாத்ஸல்யமும் இருந்தது. அதை மறுக்க நான் துணியமாட்டேன். பாட்டனார் கதை சொல்லிக்கொண்டே நெய்வாராம். பத்து நாளிலிருந்து இருபது நாள் வரை பிடிக்கிற ஒரு சேலைக்குப் பாரதத்தில் ஒரு பர்வம் போதாது என்று என் தந்தை சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதே தந்தைதான் தம் முதுகு வலியின் வயதும் நெசவின் வயதும் ஒன்று என்றும் சொல்லுவார். நாடா போடக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும். பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தது ஆறு வருஷம். அந்த ஐந்தரை வருஷத்துக்கு வித்தை என்று பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொந்த வீட்டுத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளாவது தகப்பன் கண்ணெதிரே இருந்தார்கள். கலியாணத்துக்கும் கருமாதிக்கும் கடன்பட்ட தகப்பன், முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை அயல் தறிக்கு அனுப்பிய வழக்கமும் இவ்வூரில் நீண்ட காலம் இருந்தது. பணத்தைத் திருப்பும்வரை பிள்ளை அங்கேதான். இது காஞ்சிக்கு மட்டும் உரிய கொடுமையன்று. பிரிட்டிஷ் ஆட்சியில் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன் தேசம் முழுவதும் தொழிலாளர் நிலையை விசாரித்தபோது, அமிர்தசரஸின் கம்பள நெசவிலும் நம் ராஜதானியின் பீடித் தொழிலிலும் அடகுவைக்கப்பட்ட குழந்தைகளைக் கண்டது. அதன் பயனாக 1933இல் குழந்தைகளின் உழைப்பை அடகுவைப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகுவைக்கிற பெற்றோருக்கு ஐம்பது ரூபாய் வரையும், அதை வாங்கிக்கொள்கிற முதலாளிக்கு இருநூறு ரூபாய் வரையும் அபராதம் என்றது அச்சட்டம். அது பிறந்து எழுபது ஆண்டு கழித்து, 2003இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலின் குழந்தைக் கொத்தடிமைகளைப் பற்றி எழுதிய அறிக்கையிலும் காஞ்சிபுரத்தின் பெயர் இடம்பெற்றிருந்தது என்றால், சட்டத்துக்கும் தறிக்குழிக்கும் இடையே இருந்த தூரம் விளங்கும்.

இதற்கிடையில், தகப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிப்பதையே ராஜாங்கத்தின் கல்வித் திட்டமாக்கும் ஒரு யோசனையும் வந்து போயிற்று. 1953இல் முதலமைச்சராயிருந்த ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாடவேளையை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளை தகப்பனிடம் குடும்பத் தொழிலைப் பழகட்டும் என்றார். பள்ளிக்கூடங்களும் ஆசிரியர்களும் போதாத நாளில் ஒரே பள்ளியை இரண்டு முறை நடத்தினால் இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் குலக்கல்வி என்று பெயர் சூட்டப்பட்டு அதற்கு எழுந்த எதிர்ப்பில் பெரியாரும், காஞ்சிபுரத்து நெசவாளர் மரபில் 1909இல் பிறந்த அண்ணாவும் முன்னின்றார்கள், தி.மு.க. 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கே எதிரானது. 1866இலேயே நகராட்சியாகிவிட்ட காஞ்சிபுரத்துக்கு, கிராமங்களுக்கென்று வகுத்த அத்திட்டம் நேராகப் பொருந்தாது. ஆயினும், தகப்பன் பக்கத்தில் அரைநாள் உட்காருவது என்றால் என்ன என்பதைச் சுற்றுவட்டாரத்து நெசவுக் கிராமங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ராஜாஜி அதை ஆசிரமத்துக் குருகுலமாகப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது; ஒரு நாளேனும் கோர்வைத் தறியில் கரை நாடாவைப் போட்டு வாங்கியிருந்தால் வேறுவிதமாகப் பார்த்திருப்பார். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது, 1956 முதல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். ஒரு வேளைச் சோறு பள்ளியில் கிடைக்கும் என்ற உறுதி, எத்தனையோ பிரசங்கங்கள் செய்யாததைச் செய்தது.

1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம், துணி நெசவைக் குழந்தைகளுக்குத் தடை செய்த தொழில்களில் சேர்த்தது. சேர்த்த கையோடு, தகப்பன் தன் குடும்பத்தின் உதவியால் நடத்தும் தறிக்கு விலக்கும் கொடுத்தது. அயல் தறியில் உட்கார்ந்த பையனையும் "என் மகன்" என்று சொல்லிவிட்டால் அதிகாரி திரும்பிப் போகவேண்டியதுதான். 2016இல் செய்த திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எல்லா வேலையிலிருந்தும் விலக்கியது. பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசலைத் திறந்தே வைத்தது. சட்டங்களைவிட, 1984இல் இவ்வூரில் தோன்றிய ரைடு போன்ற தொண்டு நிறுவனங்கள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனதும், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் 1990களின் இறுதியில் கார் ஆலைகள் எழுந்து மாதச் சம்பளத்தின் ருசியைக் காட்டியதும் நிலைமையை மாற்றின. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலைக்கு உலகமெங்கும் பெயர் இருந்தது. அதை நெய்ய அடுத்த தலைமுறைதான் குறைந்துகொண்டு வந்தது.

அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் புஷ்கரணியிலிருந்து எழுந்தருளும் ஊர் இது. தலைமுறைகளை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எங்களுக்கு இல்லை. 1979இல் என் தந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றபோது பாட்டனார் வீட்டில் தறி இருந்தது. 2019இல் அதே தரிசனத்துக்கு, கைக்குழந்தையாயிருந்த என் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் நின்றபோது, தறிக்குழியைத் தூர்த்துச் சிமெண்டு பூசி ஏழெட்டு வருஷமாகியிருந்தது. மழை பெய்தால் மட்டும் அந்தச் சதுரம் மற்றத் தரையைவிட முன்னதாகக் குளிரும். என் பையன் அங்கேதான் படுத்துக்கொள்வான்.

எங்கள் தெருவில் மிஞ்சியிருக்கிற தறிகளில் ஒன்று எதிர்வீட்டுப் பெரியவருடையது. அவர் பக்கத்துப் பலகையில் இப்போது பிள்ளை இல்லை. அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். ஒரகடத்தில் வேலை செய்கிற மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வருவான். போன வாரம் என் பையனும் அவருடைய பேரனும் தறியண்டை விளையாடிக்கொண்டிருக்கையில், பேரன் திடீரென்று பாட்டி மடியில் ஏறி, கரை நாடாவைக் கையில் எடுத்துவிட்டான். பெரியவர் மிதியை நிறுத்தினார். பையன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பிடி நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு நாடாவை மெதுவாக வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக நூலில்லாத இரண்டு தார்க்குச்சிகளை எடுத்து, ஒன்றைத் தம் பேரனிடமும் ஒன்றை என் பையனிடமும் கொடுத்து, "வாசல்ல போய் ஆடுங்கடா" என்றார். சிறிது நேரத்தில் தறி மறுபடி ஓடத் தொடங்கியது.